56 விழுக்காட்டுக்கு எத்தனை மதிப்பெண்?

முதல் நாள் இரவு என் குறிப்பேட்டில் நான் எழுதியது இவ்வளவுதான்: "எரிகிறது. மரம். கொஞ்சம் இனிப்பு. பத்துக்கு 6." பேனாவை மூடும்போதே அந்த ஆறு உறுத்தியது. இதே விஸ்கி பாட்டிலை எனக்குப் பரிந்துரைத்த நண்பர்கள் இருவரும் எதையும் எளிதில் புகழ்ந்துவிடுகிறவர்கள் அல்லர். அடுத்த ஐந்து வாரங்களில் அதே பாட்டிலுக்கு 8, எட்டரை, மறுபடி 8, ஆறரை என்று மேலும் நான்கு மதிப்பெண்களை எழுதினேன். இத்தனைக்கும் இடையில் மாறியது பெரும்பாலும் தண்ணீரின் அளவுதான்.

பாட்டில், நியூ ரிஃப் வடிசாலையின் ஒற்றைப் பீப்பாய் பர்பன்; பர்பன் என்பது மக்காச்சோளத்தை முதன்மையாகக் கொண்டு வடிக்கும் அமெரிக்க விஸ்கி. ஒரே பீப்பாயில் இருந்ததைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே அடைத்தது. இந்தப் பீப்பாய்க்கு ஒட்டுச்சீட்டில் 56 விழுக்காடு சாராயம் என்று போட்டிருந்தது. நான் வசிப்பது சின்சினாட்டியில்; ஒஹாயோ ஆற்றைக் கடந்தால் நியூபோர்ட், அது கென்டக்கி மாநிலம், அங்கேதான் இந்த வடிசாலை இருக்கிறது. இதைத் தொடங்கிய கென் லூயிஸ் அதற்கு முன் பக்கத்திலேயே ஒரு பிரம்மாண்டமான மதுக்கடையை நடத்தி வந்தவர். வடிக்கிறவரும் சில்லறையில் விற்கிறவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பது இங்குள்ள சட்டத்தின் போக்கு என்பதால், கடையை அதன் ஊழியர்களுக்கே விற்றுவிட்டு 2014இல் வடிக்க வந்தார். புதிதாக வடித்த சரக்கு பீப்பாயில் முதிரும் வரை கல்லா காலியாக இருக்கக் கூடாதல்லவா? அதற்காக ஆற்றின் கீழ்ப்போக்கில் இண்டியானா மாநிலத்து லாரன்ஸ்பர்க்கில் உள்ள பெரிய ஆலையில் வடித்த விஸ்கியை வாங்கி ஓ.கே.ஐ. என்ற பெயரில் விற்றார்கள். சொந்தச் சரக்கு 4 ஆண்டு முதிர்ந்து 2018இல் வெளியே வந்தது.

இந்த இடைக்கால ஏற்பாட்டை நான் குறையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 'கிராஃப்ட்' என்ற சொல்லுக்கு மத்திய அரசின் சட்டத்தில் வரையறையே கிடையாது. சிறு வடிப்பாளர் சங்கம் ஒன்று, ஆண்டு விற்பனை 750,000 ப்ரூஃப் காலனுக்குள் (பாதி சாராயமான ஒரு காலன் ஒரு ப்ரூஃப் காலன்) இருக்க வேண்டும் என்று தன் உறுப்பினர்களுக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது, அவ்வளவே. ஆகவே அழகான பெயரும் தாத்தா படமும் போட்ட பாட்டிலுக்குள் இருப்பது அதே லாரன்ஸ்பர்க் விஸ்கியாக இருக்கக்கூடும். பாட்டிலின் பின்பக்கத்தில் எந்த மாநிலத்தில் வடிக்கப்பட்டது என்ற வரியைத் தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அப்படி வந்ததுதான். வாங்கியதை வாங்கியது என்று சொல்லி விற்பவரிடம் எனக்கு வழக்கில்லை.

பர்பனுக்கான விதிகள் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். தானியக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்க வேண்டும். 80 விழுக்காட்டுக்கு மேல் வடிக்கக் கூடாது. உள்ளே கருகும்படி எரித்த புத்தம் புதிய ஓக் பீப்பாயில், 62.5 விழுக்காட்டுக்கு மிகாமல் ஊற்றி வைக்க வேண்டும். பாட்டிலில் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது. நியூ ரிஃப்பின் கலவை 65 விழுக்காடு மக்காச்சோளம், 30 விழுக்காடு ரை, 5 விழுக்காடு மால்ட் செய்த, அதாவது முளைகட்டி உலர்த்திய, பார்லி. ரை என்பது கோதுமைக்கு உறவான, குளிர்நாட்டுத் தானியம். பர்பனில் 30 விழுக்காடு ரை என்பது தாராளமான அளவு; அதன் விளைவு நாக்கில் தெரிகிறது, பின்னால் சொல்கிறேன்.

'காஸ்க் ஸ்ட்ரெங்த்' என்பதைப் பீப்பாய் வலிமை என்று சொல்லிக்கொள்வோம். பீப்பாயைக் கவிழ்க்கும்போது இருந்த வலிமையிலிருந்து 2 ப்ரூஃப், அதாவது 1 விழுக்காட்டுக்கு மேல் குறையாமல் அடைத்தால்தான் அந்தச் சொல்லை ஒட்டுச்சீட்டில் போடலாம் என்று அமெரிக்க அரசு 1979இல் விதித்தது. இந்த ப்ரூஃப் கணக்கு நம் ஊரிலிருந்து வந்தவர்களைக் குழப்பிவிடும். இந்தியப் பாட்டில்களில் 42.8 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் '75 டிகிரி ப்ரூஃப்' என்று பார்த்துப் பழகியிருப்போம். அது பழைய பிரிட்டிஷ் கணக்கு, அதில் 57.1 விழுக்காடுதான் நூறு. அமெரிக்கக் கணக்கில் விழுக்காட்டை இரண்டால் பெருக்கினால் ப்ரூஃப். என் பாட்டில் இங்கே 112. பிரிட்டிஷ் அளவுகோலில் நூறுக்குச் சற்றுக் கீழே நிற்கும். வெடிமருந்தில் சாராயத்தை ஊற்றித் தீ வைத்தால் பற்றிக்கொள்கிறதா என்று பார்த்த காலத்தில் பிறந்த அளவுகோல் அது என்பார்கள். முதல் இரவு என் தொண்டைக்கு அது பொருத்தமாகவே பட்டது.

பீப்பாய் வலிமை என்பது எல்லா வடிசாலைக்கும் ஒரே எண் அல்ல. லூயிவில் நகரத்துப் பியர்லெஸ் வடிசாலை 53.5 விழுக்காட்டில் பீப்பாயில் ஏற்றுகிறது. மேக்கர்ஸ் மார்க் 55இல். வேறு சில பெரிய ஆலைகள் சட்டம் அனுமதிக்கும் 62.5இல். உயர்ந்த வலிமையில் ஏற்றினால் பீப்பாய்களின் எண்ணிக்கை குறையும், பிறகு தண்ணீர் கலந்து பாட்டில்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம். கணக்குப்பிள்ளைக்குப் பிடித்த வழி. 1962 வரை சட்டமே 55இல் நிறுத்தி வைத்திருந்தது. ஏற்றிய பிறகும் எண் சும்மா இருப்பதில்லை. கென்டக்கியின் பல மாடிக் கிடங்குகளில், கோடையில் மேல்தளம் அடுப்பங்கரைபோல் கொதிக்கும்போது, வறண்ட காற்று மரத்தின் வழியே சாராயத்தைவிடத் தண்ணீரை வேகமாக இழுத்துக்கொள்கிறது. உள்ளே மிஞ்சுவதன் வலிமை ஏறுகிறது. ஈரம் மிகுந்த ஸ்காட்லாந்தில் இதற்கு நேர்மாறாக, ஆண்டுக்கு ஆண்டு வலிமை இறங்கும். 70 விழுக்காட்டைத் தாண்டிய பர்பன்களும் உண்டு. அவற்றை விமானத்தில் எடுத்துச் செல்ல அனுமதி இல்லை என்பதால் அபாயகரப் பொருளுக்கான சொல்லையே இங்குள்ளவர்கள் பட்டப்பெயராக வைத்திருக்கிறார்கள், சற்றுப் பெருமையோடு. எனக்கு அந்தப் பெருமை புரிவதில்லை. வலிமை கூடினால் தரம் கூடியது என்று பொருளில்லை. தண்ணீர் ஊற்றும் பொறுப்பு கை மாறியிருக்கிறது என்றுதான் பொருள். 45 விழுக்காட்டில் அடைத்து விற்கும் பாட்டிலில் அந்த முடிவை வடிசாலைக்காரர் எடுத்திருக்கிறார். இங்கே நான் எடுக்க வேண்டும், அதைத் தவறாக எடுக்கவும் எனக்கு முழு உரிமை உண்டு.

முதல் இரவு நான் தவறாகத்தான் எடுத்தேன். திறந்தேன், ஊற்றினேன், ராவாகக் குடித்தேன், மதிப்பெண் போட்டேன். அதற்கு ஒரு மணி நேரம் முன்பு கத்திரிக்காய்க் காரக்குழம்பு சாப்பிட்டிருந்தேன் என்பதை எழுதத் தோன்றவில்லை. பிறகு படித்தபோதுதான் தெரிந்தது: மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு வாயிலைத்தான் சாராயமும் தட்டுகிறது. அந்த வாயில் இயல்பாக 42 டிகிரி செல்சியஸ் சூட்டில் திறப்பது. சாராயம் பட்டால் அந்த எல்லை 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. வாயின் சூடு அதைவிட அதிகம் என்பதால், சாராயம் எரிக்கிறது என்று நாம் நினைக்கும்போது நம் உடம்புச் சூட்டையே நாம் நெருப்பாக உணர்கிறோம். ஏற்கெனவே மிளகாய் தட்டித் திறந்து வைத்த கதவில் 56 விழுக்காட்டை ஊற்றியிருக்கிறேன். நல்ல காரம் தின்று பழகிய நாக்கு பர்பனைத் தாங்கும் என்று நான் அதுவரை நம்பிக்கொண்டிருந்ததை இரண்டாம் நாளே கைவிட வேண்டியதாயிற்று.

ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு, வெறும் இட்லியும் தயிரும் சாப்பிட்ட வாயோடு, முறையாக உட்கார்ந்தேன். அடி அகன்று வாய் குறுகிய கிளென்கேர்ன் கோப்பையில் 30 மில்லி ஊற்றி, இருபது நிமிடம் தொடாமல் வைத்தேன். இந்த இருபது நிமிடம்தான் மிகக் கடினமான பகுதி. கோப்பையை மூக்குக்கு நேராகக் கொண்டுபோனால் சாராய நெடி கண்ணில் நீர் வரவழைக்கும். வாயைச் சற்றுத் திறந்துகொண்டு, கோப்பையின் மேல் விளிம்பில் மூக்கை வைத்தால் நெடி விலகி மணம் வரும். முதலில் வந்தது வெல்லம், அதுவும் கட்டி வெல்லம் அல்ல, அதிரசத்துக்குப் பாகு எடுக்கும்போது நுரைத்து வரும் வாசம். அதன் பின்னால் கிராம்பு. இன்னும் பின்னால், நன்னாரி சர்பத்தின் அந்த வேர் வாசனை. குடிப்பழக்கமே இல்லாத என் மனைவியிடம் கோப்பையை நீட்டினேன். ஒருமுறை முகர்ந்துவிட்டு, "கல்யாண வீட்டுப் பின்கட்டுல பாகு காய்ச்சுற மாதிரி இருக்குங்க" என்றாள். எரியும் விறகு, கொதிக்கும் சர்க்கரை, பக்கத்தில் யாரோ தட்டிக்கொண்டிருக்கும் பட்டை லவங்கம். நான் அரைப் பக்கம் எழுதியும் பிடிபடாததை அவள் ஒரே வாக்கியத்தில் பிடித்துவிட்டாள்.

அது சரியாக இருப்பதற்குக் காரணமும் இருக்கிறது. பீப்பாயின் உட்புறத்தை எரிக்கும்போது கரிப்படலத்துக்கு அடியில் மரத்தின் சர்க்கரைகள் உடைந்து பாகாகின்றன. லிக்னின் என்ற மரப்பொருள் உடைந்து வனிலாவின் மணத்தையும் புகையும் மசாலாவுமான மணங்களையும் தருகிறது. ஓக்கிலேயே இருக்கும் லாக்டோன் என்ற ஒரு சேர்மம் தேங்காய் வாசனையைத் தருகிறது. விஸ்கி கோடையில் மரத்துக்குள் ஊறி, குளிரில் வெளியே வந்து, இவற்றை ஒவ்வோர் ஆண்டும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. கல்யாண வீட்டுப் பின்கட்டிலும் நடப்பது மரமும் சர்க்கரையும் நெருப்பும்தான்.

ராவாக ஒரு சிறு மிடறு. எரிந்தது, ஆனால் இம்முறை அந்த எரிச்சலுக்குள் பார்க்க முடிந்தது. இரண்டாவது மிடறில் எரிச்சல் பாதியாகிவிடும், ஆகவே முதல் மிடறுக்கு மதிப்பெண் கிடையாது என்பது அன்று நான் வைத்துக்கொண்ட விதி. நுனி நாக்கில் வெல்லம், நடுநாக்கில் ரையின் உறைப்பு. இந்த உறைப்பை மசாலா என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். நமக்கு அது போதாது, நம்மிடம் சொற்கள் இருக்கின்றன. இது மிளகாய்க் காரமும் அல்ல, இஞ்சிக் காரமும் அல்ல; கிராம்பைக் கடித்து ஈறில் ஒதுக்கிவைத்தால் மரத்துப்போவதற்குச் சற்று முன்பு ஒரு காரம் வருமே, அது. விழுங்கிய பிறகு கடைவாயில் துவர்ப்பு நின்றது, நாவல்பழம் தின்றதுபோல் நாக்கை லேசாகப் பிடித்தது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இந்தத் துவர்ப்பைச் சொல்ல டேனின் என்று வேதியியலுக்குப் போய்விடுவதுண்டு. நம் வீட்டில் வாழைப்பூவை மோரில் போடுகிறவர்களுக்கு அது அன்றாடச் சொல். ராவாக, 8.

பிறகு தண்ணீர். குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும் 5 மில்லி ஊசியில்லாத சிரிஞ்ச்தான் என் கருவி. கணக்கு எளிது: 56 விழுக்காட்டில் 30 மில்லி என்றால் 16.8 மில்லி சாராயம். 50 விழுக்காட்டுக்கு 3.6 மில்லி தண்ணீர், 45க்கு 7.3, 40க்கு 12. பைப்புத் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் வடிகட்டியது. ஒவ்வொன்றையும் தனித்தனி மாலையில் செய்தேன். ஒரே மாலையில் நான்கு கோப்பை என்றால் நான்காவதுக்கு மதிப்பெண் போடுவது நானாக இருக்காது.

விளக்கின் எதிரில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சிரிஞ்சை அழுத்தினால், தண்ணீர் உள்ளே போவது கண்ணுக்குத் தெரியும். உடனே கலப்பதில்லை, பாகில் தண்ணீர் விட்டதுபோல் நெளிநெளியாக, கண்ணாடி இழைகளாகச் சுருண்டு, நான்கைந்து நொடி மிதந்து மறைகின்றன. 50 விழுக்காட்டில் மூக்கு முழுவதும் திறந்துகொண்டது. கிராம்பு பின்வாங்கி, காய்ந்த அத்திப்பழமும் தேங்காயும் முன்னால் வந்தன, புகை கூடியிருந்தது. தண்ணீர் சேர்த்தால் எப்படிப் புகை கூடும் என்று தோன்றலாம். சுவீடனில் இரண்டு ஆய்வாளர்கள் 2017இல் கணினியில் இதை உருவகித்துப் பார்த்திருக்கிறார்கள். விஸ்கியின் புகைமணத்துக்குக் காரணமான குவையக்கால் என்ற மூலக்கூறு, 59 விழுக்காட்டுக்கு மேல் சாராய மூலக்கூறுகளால் சூழப்பட்டு உள்ளேயே அமிழ்ந்திருக்கிறது. 45க்குக் கீழே வந்தால் சாராயத்தோடு சேர்ந்து மேற்பரப்புக்கு, அதாவது மூக்குக்கு அருகே, ஏறி வந்துவிடுகிறது. என் பாட்டில் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் நிற்பது. ஒவ்வொரு மில்லிக்கும் அது பேச்சை மாற்றியது ஏன் என்று அதைப் படித்த பிறகு எனக்கு ஓரளவு விளங்கியது. 50இல் எட்டரை கொடுத்தேன். 45இல் மறுபடி 8. மணம் பரந்திருந்தது, நாக்கில் சற்று நீர்த்திருந்தது.

40இல் கதை வேறு. குளிர்ந்த தண்ணீரைச் சேர்த்த சற்று நேரத்தில், தெளிந்த செம்பழுப்பில் ஒரு மெல்லிய மங்கல் படிந்தது. இது குறையல்ல. குளிரவைத்து வடிகட்டும் வழக்கம் நியூ ரிஃப்பில் இல்லை. ஆகவே கொழுப்பமிலங்களும் அவற்றிலிருந்து உருவாகும் எஸ்டர் என்ற சேர்மங்களும் உள்ளேயே இருக்கின்றன. சாராயம் நிறைய இருக்கும்போது கரைந்திருக்கும் அவை, சுமார் 46 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தண்ணீரில் கரையாமல் கலங்குகின்றன. வாயில் கொழகொழப்பான கனத்தைத் தருவதும் அவைதான். ஆனால் சுவையில், 40 விழுக்காட்டில் இனிப்பு விலகிப்போய் மரத்தின் கசப்பு தனித்து நின்றது. ஆறரை.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் எனக்கே பிடித்த சோதனை. சென்ற ஆண்டு வாங்கி அலமாரியில் மூலையில் நின்ற வேறொரு சிறு வடிசாலையின் பாட்டில், பெயர் வேண்டாம், 60 விழுக்காட்டுக்கு மேல். அதையும் இதையும் மனைவியை விட்டு ஒரே மாதிரிக் கோப்பைகளில் ஊற்றச் சொல்லி, எது எதுவென்று தெரியாமல் குடித்தேன். ராவாக அந்த மற்றது அசத்தியது; அடர்ந்த நிறம், தடித்த இனிப்பு, முழங்கும் மரம். முதல் மிடறில் அதற்குத்தான் கூடுதல் மதிப்பெண் போட்டிருந்தேன், மறைக்க ஒன்றுமில்லை. 4 மில்லி தண்ணீர் சேர்த்ததும் அது இற்றுவிழுந்தது. மரத்தூள், ஈரச் சாக்கு, வேகாத சோளத்தின் பச்சை வாசனை. வழக்கமான பீப்பாய் 53 காலன், ஏறத்தாழ 200 லிட்டர். காத்திருக்கப் பணமில்லாத சில சிறு ஆலைகள் இதில் பத்தில் ஒரு பங்குப் பீப்பாயில் ஊற்றி ஒன்றிரண்டு ஆண்டில் எடுத்துவிடுகின்றன. சிறிய பீப்பாயில் சாராயத்துக்குக் கிடைக்கும் மரப்பரப்பு அதிகம் என்பதால் நிறமும் துவர்ப்பும் சீக்கிரம் வந்துவிடும். காற்றோடு மெல்ல உறவாடிப் பச்சை வாசனை தணிவதற்கு மட்டும் ஆண்டுகள்தான் வேண்டும், அதற்குக் குறுக்கு வழி இல்லை. அந்தக் குறையை உயர்ந்த வலிமை போர்த்தி வைத்திருந்தது. தண்ணீர் போர்வையை விலக்கியது.

அன்றிலிருந்து பீப்பாய் வலிமைப் பர்பனுக்கு நான் மதிப்பெண் போடும் முறை மாறிவிட்டது. உச்சத்தில் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பது பாதி. எவ்வளவு தூரம் தண்ணீரைத் தாங்கிக்கொண்டு நன்றாகவே இருக்கிறது என்பது மீதிப் பாதி. நியூ ரிஃப் 56இலிருந்து 45 வரை, சிரிஞ்சில் 7 மில்லிக்கு மேல், 8க்குக் கீழே இறங்காமல் நின்றது. அந்த மற்றது ஒரே புள்ளியில் மின்னிவிட்டு அணைந்தது. ஒரு பாட்டிலை ஐந்தாறு பேர் ஐந்தாறு விதமாக ஊற்றிக் குடிக்கப்போகிறார்கள். ஒருவர் ஐஸ் போடுவார், ஒருவர் தண்ணீரை மளமளவென்று ஊற்றுவார். அத்தனை பேர் கைக்கும் ஈடுகொடுக்கிற பாட்டிலுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுப்பதில் தவறில்லை என்று நினைக்கிறேன். இதை மறுப்பவர்கள் உண்டு, வடித்தவன் எப்படி அடைத்தானோ அப்படியே குடித்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வடித்தவர்களே பீப்பாயிலிருந்து மாதிரி எடுத்துக் குறை தேடும்போது பல இடங்களில் 20 விழுக்காடு அளவுக்குத் தண்ணீர் கலந்துதானே முகர்ந்து பார்க்கிறார்கள்?

கொலம்பஸில் இருக்கும் அண்ணன் ஒருவருக்கு இதையெல்லாம் தொலைபேசியில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, மார்க்கு எவ்வளவுன்னு சொல்லு" என்றார். எட்டரை என்றேன், 50 விழுக்காட்டில், இருபது நிமிடம் காற்றாட வைத்து. வாங்குவதாகச் சொன்னார். அவர் வாங்கப்போவது வேறொரு பீப்பாய், வேறொரு எண் என்பதையும் சொல்லிவைத்தேன். ஒற்றைப் பீப்பாயில் அந்த வம்பும் சேர்ந்தே வரும்.

பாட்டிலில் இப்போது மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கிறது. பாதிக்குக் கீழே இறங்கினால் உள்ளே நிற்கும் காற்று மணத்தை மெல்ல மங்கச் செய்யும் என்பதால் சிறிய கண்ணாடிப் புட்டிக்கு மாற்றி வைத்திருக்கிறேன். குறிப்பேட்டில் முதல் இரவின் ஆறை அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் சிவப்பு மையில் விடுபட்டதை எழுதினேன்: "56 விழுக்காடு. தண்ணீர் இல்லை. காத்திருக்கவில்லை. காரக்குழம்பு."